பதிவேட்டில் பெயர் எழுதினேன், மாத்திரை கொடுக்கவில்லை

மக்கள் நல்வாழ்வுத் துறையிலும் பதிவுத் துறையிலும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். நான் ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர். டெல்டா பக்கத்தில் நான்கைந்து ஊர்களைச் சேர்த்துப் பார்க்கும் ஒரு துணை சுகாதார நிலையத்தில் வேலை பார்த்தவள். பெரியவர்களுக்கு நர்சம்மா, பிள்ளை பெற வந்த பெண்களுக்கு அக்கா. இரண்டு துறைகளுக்குச் சேர்த்து ஒரே மடல் எழுதுவது வழக்கமில்லைதான். ஆனால் நான் சொல்ல வந்த விஷயம், கரு தங்கும் முன்பே தொடங்க வேண்டிய ஃபோலிக் அமில மாத்திரை, உங்கள் இரண்டு துறைகளுக்கும் நடுவே இருக்கும் சந்தில்தான் விழுந்து கிடக்கிறது. யாராவது ஒருவர் குனிந்து எடுக்க வேண்டும்.

எங்கள் வேலையில் தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு என்று ஒன்று உண்டு. ஈ.சி. ரிஜிஸ்டர் என்போம். பிள்ளை பெறும் வயதில் மனைவி உள்ள எல்லாத் தம்பதிகளின் பெயரும் அதில் இருக்க வேண்டும். ஊரில் புதுப்பெண் வந்தால் பந்தல் பிரிப்பதற்குள் நான் போய் நின்றுவிடுவேன். பெயர், வயது, படிப்பு, கல்யாணத் தேதி. அப்புறம் கடைசியாக ஒரு கேள்வி: இப்போது பிள்ளை வேண்டுமா, தள்ளிப் போடுகிறீர்களா? தள்ளிப் போடுகிறோம் என்றால் அதற்கு வேண்டியதைக் கொடுப்பேன். வேண்டும் என்றால் 'நல்லது, நாள் தள்ளிப் போனால் சொல்லி அனுப்பு' என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவேன். கவனித்தீர்களா? வேண்டாம் என்றவளுக்கு என் பையில் கொடுக்க ஏதோ இருந்தது. வேண்டும் என்றவளுக்கு வெறுங்கை.

அப்படி நான் பெயர் எழுதிய ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபது வருடங்களுக்கு மேலாகிறது. தை மாதக் கல்யாணம். நான் கேட்டதற்கு அவள் தலையைக் குனிந்துகொண்டாள், மாமியார்தான் பதில் சொன்னார்: 'தள்ளிப் போடுறதெல்லாம் இல்லைம்மா, சீக்கிரமே வேணும்.' சரி என்று எழுதிக்கொண்டு வந்தேன். சித்திரை பிறந்த பிறகு விசேஷம் என்று சொல்லி அனுப்பினார்கள். செவ்வாய்க்கிழமை வரச் சொல்லி, எடை பார்த்து, ரத்தம் பார்த்து, மாத்திரை கொடுத்தேன். எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன். பெண் குழந்தை பிறந்தது. முதுகின் கீழ்ப்பகுதியில் எலுமிச்சம்பழ அளவில் மெல்லிய தோல் மூடிய ஒரு புடைப்பு. கால் இரண்டிலும் அசைவில்லை. தண்டுவடம் மூடாமல் பிறந்த குழந்தை.

வளைகாப்புக்கு வளையல் அடுக்கிய சொந்தக்காரர்கள் அப்புறம் வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். கிரகணத்தன்று வெளியே வந்தாள், சொந்தத்தில் கட்டியதால் வந்தது, பப்பாளி தின்றாள் என்று ஆளுக்கொன்று. அவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான். 'நான் என்ன தப்பு பண்ணினேன் அக்கா?' ஒன்றும் இல்லை என்று சொன்னேன். அது உண்மை. அவள் செய்த தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் எனக்குத் தெரிந்திருந்தும் நான் செய்யாத ஒன்று இருந்தது. அதைச் சொல்ல எனக்கு அன்று வாய் வரவில்லை. இந்த மடலில் சொல்கிறேன்.

அந்தக் குழந்தை இப்போது பி.காம். படிக்கிறாள். என் கைப்பேசி மக்கர் செய்தால் அவளிடம்தான் எடுத்துக்கொண்டு போவேன். அவள் வாழ்க்கையைப் பரிதாபக் கதையாக யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். ஆனால் பிறந்த சில நாளில் முதுகில் அறுவை, தலையில் நீர் சேர்ந்ததால் இன்னொரு அறுவை, ஒரு நாளைக்கு நாலைந்து தடவை குழாய் வைத்துச் சிறுநீர் எடுப்பது, படி ஏற முடியாத பள்ளிக்கூடம் என்று அவளும் அவள் அம்மாவும் பட்டதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவள். அத்தனையும் தவிர்க்க முடியாதது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

விஷயம் ஃபோலிக் அமிலம். பி வைட்டமின்களில் ஒன்பதாவது. ஊரில் யாருக்கும் அந்தப் பெயர் தெரியாது. 'சத்து மாத்திரை' என்று இரும்போடு சேர்த்துத்தான் தெரியும். உடலில் எந்த செல் இரண்டாகப் பிரிந்தாலும் அதன் மரபுப் பொருளை நகல் எடுக்க இந்த வைட்டமின் வேண்டும். வளர்ந்த மனிதருக்குக் குறைந்தால் ரத்தசோகை வரும், மருந்து கொடுத்தால் சரியாகும். கருவுக்குக் குறைந்தால் கதை வேறு. கரு தங்கிய மூன்றாவது, நான்காவது வாரத்தில் முதுகுப் பக்கம் ஒரு தகடு உருவாகிறது. வாழையிலையின் இரண்டு ஓரங்களையும் மேலே தூக்கி நடுவில் சேர்ப்பது போல அது மடிந்து, ஒட்டி, குழாயாகிறது. அந்தக் குழாய்தான் பின்னால் மூளையும் தண்டுவடமும். மேல் நுனி மூடாவிட்டால் மண்டையோடும் மூளையும் உருவாகாத குழந்தை. அது பிழைப்பதில்லை. கீழ் நுனி மூடாவிட்டால் நான் மேலே சொன்ன குழந்தை. கரு தங்கி 28 நாளுக்குள் மேலும் கீழும் மூடி வேலை முடிந்துவிடும். அதற்கு மேல் எத்தனை மாத்திரை கொடுத்தாலும் மூடாத குழாயை மூட முடியாது.

இப்போது நாள் கணக்கைப் பாருங்கள். வீட்டு விலக்கான முதல் நாளை ஒன்று என்று வைத்துக்கொண்டால், ஏறக்குறைய 14ஆம் நாள் கரு தங்குகிறது. 28, 30ஆம் நாள் வர வேண்டியது வரவில்லை. கல்யாணக் களைப்பு, அலைச்சல் என்று ஒரு வாரம் பார்ப்பார்கள். அப்புறம் மருந்துக்கடையில் கார்டு வாங்கி வந்து பார்ப்பார்கள். கோடு இரண்டு தெரிந்தாலும் யாரிடமும் சொல்லாமல் இன்னும் கொஞ்ச நாள். 42ஆம் நாள் குழாய் மூடும் கெடு முடிகிறது. எங்களிடம் வந்து கர்ப்பத்தைப் பதிந்து பிக்மி எண் வாங்கும்போது 50, 60 நாள் ஆகியிருக்கும். நம் ஊரில் கர்ப்பத்துக்கு 'முழுகாமல் இருக்கிறாள்' என்றுதான் பெயர். தலைக்குக் குளிக்காத நாளில்தான் நம் கணக்கே ஆரம்பிக்கிறது. அந்த நாளிலிருந்து கருவின் முதுகெலும்புக்கு மிச்சம் இருப்பது இரண்டு வாரத்துக்கும் குறைவு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியில் 12 வாரத்துக்குள் பதிய வேண்டும் என்று வைத்திருக்கிறோம். ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தசோகை எல்லாவற்றையும் பிடிக்க அது நல்ல கெடுதான், குறை சொல்ல மாட்டேன். இந்த ஒன்றுக்கு மட்டும் அது ரயில் போன பிறகு நடைமேடைக்கு வருவது.

இது நானாகக் கண்டுபிடித்த கணக்கு இல்லை. பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 7 நாடுகளில் 33 மையங்களில் 1,800க்கும் மேற்பட்ட பெண்களிடம் ஓர் ஆய்வு நடத்தி 1991இல் முடிவை வெளியிட்டது. எல்லோரும் ஏற்கெனவே ஒரு குழந்தை இப்படிப் பிறந்து, அடுத்த குழந்தைக்குக் காத்திருந்தவர்கள். கரு தங்குவதற்கு முன்பிருந்தே தினம் 4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்தவர்களுக்கு மறுபடியும் அப்படி நேர்வது 72 சதவீதம் குறைந்தது. பலன் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வைத் திட்டமிட்ட காலத்துக்கு முன்பே நிறுத்திவிட்டார்கள். அடுத்த வருடமே ஹங்கேரியில் முதல் கர்ப்பத்துக்கும் இது பொருந்தும் என்று காட்டினார்கள்.

எனக்கு மிகவும் நெருக்கமாகப் படுவது சீனாவில் நடந்தது. 1993 முதல் 1995 வரை. கல்யாணத்துக்கு முன் அப்போது அங்கே ஒரு மருத்துவப் பரிசோதனை இருந்தது. அந்தப் பரிசோதனைக்கு வந்த பெண்களிடம், அன்றிலிருந்து கர்ப்பத்தின் முதல் மூன்று மாதம் முடியும் வரை தினம் 400 மைக்ரோகிராம் மாத்திரை ஒன்று சாப்பிடுங்கள் என்று கொடுத்தார்கள். வேறு எந்தச் சத்தும் சேர்க்கவில்லை. வடபகுதியில் இந்தக் குறை ஆயிரம் பிறப்புக்கு ஐந்து அளவில் இருந்தது. மாத்திரையை முறையாக எடுத்தவர்களிடம் அது ஒன்றுக்கு இறங்கியது. ஏற்கெனவே குறைவாக இருந்த தென்பகுதியிலும் நாற்பது சதவீதம் போலக் குறைந்தது. லட்சக்கணக்கான பெண்கள் பங்கெடுத்த வேலை இது. அவர்கள் புதிதாக ஒரு மருந்தைக் கண்டுபிடிக்கவில்லை. கல்யாணம் என்ற இடத்தில் போய் நின்றார்கள், அவ்வளவுதான். நம் நாட்டில் நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் ஆயிரத்துக்கு நான்கு என்ற அளவைச் சொல்கிறார்கள். சீனாவின் வடபகுதியிலிருந்து நாம் வெகு தூரத்தில் இல்லை.

இதெல்லாம் நம் அரசுக்குத் தெரியாது என்று நான் சொல்லவில்லை. 2018இல் வந்த ரத்தசோகை இல்லா பாரதம் திட்டத்தின் வழிகாட்டுதலிலேயே இருக்கிறது: கரு தங்குவதற்கு முன்பிருந்து முதல் மூன்று மாதம் முடியும் வரை தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். காகிதத்தில் குறையே இல்லை. கொடுப்பது யார், எந்த நாளில், எந்த இடத்தில் என்பதுதான் இல்லை. பள்ளியில் படிக்கும் பெண்ணுக்கு வாரம் ஒரு நீல மாத்திரை. கர்ப்பிணிக்குத் தினம் சிவப்பு மாத்திரை. பள்ளி முடித்ததிலிருந்து பிக்மி எண் வாங்கும் நாள் வரைக்கும் நடுவில் இருக்கும் பெண்ணை எந்தப் பதிவேடும் கூப்பிட்டு மாத்திரை கொடுப்பதில்லை. அந்த வயதுப் பெண்களுக்கும் வாரம் ஒரு மாத்திரை என்று திட்டத்தில் உண்டு. அதில் 500 மைக்ரோகிராம். வாரத்துக்கு 500 என்பது தினம் 400க்கு ஈடாகாது என்பதற்குக் கணக்கு வாத்தியார் தேவையில்லை.

ரேஷனில் செறிவூட்டிய அரிசி கொடுக்கத் தொடங்கினார்களே, அதில் ஃபோலிக் அமிலம் சேர்த்தார்களே என்று கேட்பீர்கள். எனக்கும் அந்த நம்பிக்கை இருந்தது, கணக்குப் போட்டுப் பார்க்கும் வரை. ஒரு கிலோ அரிசிக்கு 75 முதல் 125 மைக்ரோகிராம் என்பது அதன் தர அளவு. ஒரு பெண் ஒரு நாளைக்கு 300 கிராம் அரிசி சாப்பிட்டால் உள்ளே போவது 22 முதல் 37 மைக்ரோகிராம். வேண்டிய 400இல் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இது தண்ணீரில் கரையும் சத்து என்பதால் கஞ்சியை வடித்தால் அதிலும் கொஞ்சம் போகும். அமெரிக்கா 1998இல் மாவில் சேர்ப்பதைக் கட்டாயமாக்கியபோது வைத்த அளவு 100 கிராமுக்கு 140 மைக்ரோகிராம். கிலோவுக்கு இல்லை, 100 கிராமுக்கு. கனடாவும் அதே சமயத்தில் மாவில் சேர்த்து, இப்படிப் பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கையை ஏறக்குறைய பாதியாக்கியது. நம் அரிசியின் அளவை உயர்த்துவது பற்றி வல்லுநர்கள் உட்கார்ந்து பேச வேண்டும். அது டெல்லி வரை போக வேண்டிய பேச்சு, எவ்வளவு காலம் ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. 1991இல் உலகத்துக்கே நிரூபித்துக் காட்டிய பிரிட்டனே தன் மாவில் இதைச் சேர்ப்பது என்று அறிவிக்க 2021 ஆனது. முப்பது வருடம்! நாம் அதையும் பார்த்துக் காப்பியடிக்க வேண்டாம்.

கீரை சாப்பிட்டால் போதாதா என்பது அடுத்த கேள்வி. இதை அதிகாரிகளும் கேட்பார்கள், மாமியார்களும் கேட்பார்கள். ஃபோலிக் என்ற பெயரே இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். 1941இல் அமெரிக்காவில் மூட்டை மூட்டையாகப் பசலைக் கீரையை அரைத்துத்தான் இதைப் பிரித்தெடுத்தார்கள். முருங்கை, அரைக்கீரை, பாசிப்பயறு, உளுந்து, கொண்டைக்கடலை, ஈரல் எல்லாவற்றிலும் இருக்கிறது. கீரையை நன்றாக வேகவைத்து, தண்ணீரை இறுத்துக் கொட்டிவிட்டுக் கடைகிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். சூட்டில் கொஞ்சமும் தண்ணீரில் கொஞ்சமுமாகப் போனது போக மிச்சம்தான் தட்டுக்கு வரும். உணவில் இருப்பதை உடல் எடுத்துக்கொள்வதும் மாத்திரையில் இருப்பதை எடுத்துக்கொள்வதைவிடக் குறைவு. கீரை சாப்பிட வேண்டாம் என்று நான் சொன்னால் என் அம்மாவே மேலிருந்து திட்டுவாள். சாப்பிடட்டும், வாழ்நாள் முழுக்கச் சாப்பிடட்டும். ஆனால் கல்யாணமான முதல் மாதங்களில் விருந்துக்கு விருந்து போய் இனிப்பும் கறியுமாகச் சாப்பிடும் பெண்ணை, தினமும் இத்தனை கட்டுக் கீரை சாப்பிட்டாயா என்று யார் கேட்பது? மாத்திரை என்றால் ஒன்று, ஒரு வாய்த் தண்ணீர்.

இந்த இடத்தில் கொஞ்சம் பழைய கதை பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள். மாத்திரையைப் பற்றித் தெரிந்திருந்தாலும், பணிக்காலத்தில் இந்தக் கதை எனக்குத் தெரியாது. ஓய்வுக்குப் பிறகு படித்து, படித்த அன்று தூக்கம் வரவில்லை. ஃபோலிக் அமிலம் எங்கோ சீமையில் பிறந்த மருந்து என்று நினைத்திருந்தேன். லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் 1928இல் பம்பாய்க்கு வந்தார். அங்கே பஞ்சாலைக் குடும்பங்களின் கர்ப்பிணிகள் ஒருவகை ரத்தசோகையில் செத்துக்கொண்டிருந்தார்கள், இரும்புக்குச் சரியாகாத ரத்தசோகை. அந்த ஆராய்ச்சியை அவர் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் தொடர்ந்தார். பம்பாய்ப் பெண்கள் சாப்பிடுவதைப் போன்ற சாப்பாட்டை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1931இல் அவர் வேலை செய்த இடம் திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரி. ஆமாம், இன்றைய கஸ்தூரிபா காந்தி மகப்பேறு மருத்துவமனைதான். ரொட்டியில் தடவும் மலிவான ஈஸ்ட் சாற்றைக் கொடுத்தால் அந்தப் பெண்கள் பிழைக்கிறார்கள் என்று அதே வருடம் எழுதினார். ஈஸ்டில் இருக்கும் அந்தப் பொருள் என்னவென்று தெரியாமல் அவர் பெயரையே வைத்து வில்ஸ் காரணி என்று கொஞ்ச காலம் சொன்னார்கள். பின்னால் அதுதான் ஃபோலிக் அமிலம் என்று தெரிந்தது.

அதைச் சோதனைச்சாலையில் செய்து காட்டியது யார்? பீமவரத்தில் 1895இல் பிறந்த எல்லப்பிரகடா சுப்பாராவ். சென்னை மருத்துவக் கல்லூரி மாணவர். காந்தி சொன்னார் என்று கதர் அங்கி போட்டுக்கொண்டு அறுவை வகுப்புக்குப் போனார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. தேர்வில் நன்றாக எழுதியும் எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் அதைவிடச் சின்ன எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியே வந்தார். ஸ்ப்ரூ என்ற குடல் நோய்க்குச் சகோதரர்கள் இருவரைப் பறிகொடுத்தவர். 1922இல் அமெரிக்கா போனார். 1945இல் லெடர்லி ஆய்வகத்தில் அவர் தலைமையில் இருந்த குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகச் செய்தது. ஸ்ப்ரூவுக்கும் அது மருந்தானது. ஃபோலிக் அமிலத்தை மாற்றியமைத்து அங்கே செய்த மருந்துகள்தான் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு முதல் முதலாகக் கொஞ்சம் கைகொடுத்தன. நாங்கள் யானைக்கால் நோய்க்கு வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தோமே டி.இ.சி. மாத்திரை, அதுவும் அவர் ஆய்வகத்தில் வந்ததுதான். 1948இல் இறந்துவிட்டார். கருவின் முதுகெலும்பை இது காப்பாற்றும் என்பது அவருக்குத் தெரியாது.

குன்னூர், திருவல்லிக்கேணி, சென்னை மருத்துவக் கல்லூரி. இந்த மாத்திரையின் பிறப்பில் மூன்று தமிழ்நாட்டு முகவரிகள் இருக்கின்றன. அது நம் ஊர்ப் புதுப்பெண்ணின் வீட்டுக்கு வந்து சேர மட்டும் முகவரி கிடைக்கவில்லை.

அந்த முகவரி பதிவுத் துறையிடம் இருக்கிறது. தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009இன்படி எந்த மதத்துக் கல்யாணமானாலும் 90 நாளுக்குள் பதிய வேண்டும். பத்திரிகையும் போட்டோவும் எடுத்துக்கொண்டு, சாட்சிகளோடு, கணவனும் மனைவியும் நேரில் வந்து சார்பதிவாளர் முன் நிற்கிறார்கள். நான் ஊர் ஊராக நடந்து தேடிய புதுத் தம்பதி உங்கள் பெஞ்சில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் சான்றிதழோடு எழுந்து போகும்போது கையில் மூன்று மாதத்துக்கான 400 மைக்ரோகிராம் மாத்திரையும் ஒரு பக்கத் தாளும் இருக்கட்டும். இதுதான் என் கோரிக்கை. தீர்ந்த பிறகு எந்தத் துணை சுகாதார நிலையத்தில் மறுபடி வாங்கலாம் என்பது அந்தத் தாளிலேயே இருக்க வேண்டும். பதிவான பெயர்ப் பட்டியல் அந்தந்த ஊர் செவிலியருக்கும் போனால் அவர் போய் ஒரு தடவை கேட்டுவிட்டு வருவார். ஈ.சி. ரிஜிஸ்டரில் அதற்கென்று ஒரு கட்டம் போட்டுக் கொடுங்கள். எங்கள் வேலையில் கட்டம் இல்லாத காரியம் நடப்பதில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

எல்லோரும் பதிவதில்லை என்பது எனக்கும் தெரியும். பாஸ்போர்ட், விசா என்று தேவை வந்த பிறகு ஓடி வருபவர்களும் உண்டு. பதிவதற்கு முன்பே கரு தங்கியவர்களும் இருப்பார்கள். எல்லோரையும் பிடிக்க முடியாது என்பதற்காக எதிரில் நிற்பவரை விட்டுவிடுவதா? வலையில் விழாதவர்களுக்குச் செவிலியர் இருக்கிறார், இப்போது மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டு வாசலுக்கே மாத்திரை போகிறது. அதே பையில் இதற்கும் இடம் இருக்கும். இரண்டாவது குழந்தைக்கு யாரும் சார்பதிவாளரிடம் வரப்போவதில்லை. அவர்கள் புதன்கிழமை தடுப்பூசிக்கு வருகிறார்கள். ஒன்றரை வயதுக் குழந்தைக்கு ஊசி போடும்போது அம்மாவிடம் 'அடுத்தது எப்போ?' என்று நாங்கள் எப்படியும் கேட்போம். அந்தக் கேள்விக்குப் பின்னால் கையில் கொடுக்க ஒன்று வேண்டும்.

மாத்திரையின் அளவு பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இது முக்கியம். மருந்துக்கடையில் ஃபோலிக் அமிலம் என்று கேட்டால் பெரும்பாலும் எடுத்துத் தருவது 5 மில்லிகிராம். அது 400 மைக்ரோகிராமைப் போலப் பன்னிரண்டு மடங்குக்கும் மேல். அந்தப் பெரிய அளவு, ஏற்கெனவே இப்படி ஒரு குழந்தை பிறந்தவர்களுக்கும், மருத்துவர் சொல்லும் வேறு சிலருக்கும்தான். வலிப்புக்கு மருந்து சாப்பிடுபவர்கள், சர்க்கரை உள்ளவர்கள் கரு தங்கும் முன்பே மருத்துவரைப் பார்த்து அளவு கேட்டுக்கொள்ள வேண்டும். மற்றவர்களுக்குச் சின்னதே போதும். மாதக்கணக்கில் பெரிய அளவைச் சாப்பிட்டால், பி12 குறைவாக உள்ளவர்களிடம் அந்தக் குறை வெளியே தெரியாமல் மறைந்து நரம்பைப் பாதிக்கலாம். பாலும் தயிரும் போதாத சைவக்காரர்கள் நம்மிடம் நிறைய. ஆகவே வாங்கும்போது 400 மைக்ரோகிராம் என்று குறிப்பிட்டே வாங்குங்கள், இருப்பில் இருக்கும் 5 மில்லிகிராமை அப்படியே தூக்கிக் கொடுத்துவிட வேண்டாம்.

அப்புறம் அந்த உறை. 'புதுப் பொண்ணுக்கு எதுக்கு மாத்திரை?' என்று வீட்டில் ஒரு குரல் கட்டாயம் எழும். கர்ப்பத்தடை மாத்திரையோ என்ற சந்தேகம்தான் முதலில் வரும். அரசு கொடுக்கும் மாத்திரை என்றாலே குடும்பக் கட்டுப்பாடு என்று நினைத்த தலைமுறை இன்னும் வீட்டில் இருக்கிறது, அந்த நினைப்புக்கு நாங்களும் காரணம். இரும்பு மாத்திரையின் கெட்ட பெயரும் இதன் தலையில் விழும். குமட்டும், மலம் கறுக்கும் என்று எத்தனையோ பெண்கள் இரும்பு மாத்திரையைத் தென்னைக்குக் கீழே புதைத்தது எனக்குத் தெரியும். இது தனி ஃபோலிக் அமிலம், அந்தத் தொந்தரவு இதில் இல்லை. ஆகவே உறையின் மேல் பெரிய எழுத்தில் எழுதுங்கள்: 'குழந்தை நல்லபடியாகப் பிறக்க, கரு தங்கும் முன்பே தொடங்க வேண்டிய சத்து மாத்திரை. இது கர்ப்பத்தடை மாத்திரை அல்ல.' மாமியார் கண்ணில் படும்படி எழுதுங்கள். பேரப்பிள்ளைக்கு என்று தெரிந்துவிட்டால் மருமகள் மறந்தாலும் அவர் மறக்க மாட்டார். கரு தங்கும் முன்பே யோசிப்பது நமக்கு ஒன்றும் புதிதில்லை. ஆடியில் சேர்த்தால் சித்திரை வெயிலில் பிறக்கும் என்று கணக்குப் பார்த்துப் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போன ஊர் இது.

இந்த மாத்திரை எல்லாக் குழந்தையையும் காப்பாற்றிவிடும் என்று நான் எழுதவில்லை. வேறு காரணங்களாலும் குழாய் மூடாமல் போவதுண்டு. மாத்திரை சாப்பிட்டும் அப்படிப் பிறந்தால் அந்தத் தாயை யாரும் கை நீட்டிப் பேசக் கூடாது என்பதையும் அதே தாளில் ஒரு வரி சேர்க்க வேண்டும்.

நான் முதலில் சொன்ன பெண் நான்கு வருடம் கழித்து மறுபடி வந்தாள். பயந்து பயந்து, 'இன்னொண்ணு பெத்துக்கலாமா அக்கா?' என்றாள். அந்தத் தடவை நான் பெயர் எழுதிவிட்டு எழுந்து போகவில்லை. மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். பெரிய அளவு மாத்திரையைக் கரு தங்குவதற்கு மூன்று மாதம் முன்பே ஆரம்பித்து வைத்தார். தினமும் விளக்கேற்றும் நேரத்தில் சாப்பிடச் சொன்னேன், மறக்காது என்பதற்காக. பையன். ஒரு குறையும் இல்லை. அக்காவின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு தெருவெல்லாம் ஓடுவான், விழுந்து வைக்கப் போகிறார்கள் என்று நாங்கள்தான் கத்துவோம். மாத்திரை இல்லாமலும் அவன் நன்றாகவே பிறந்திருக்கலாம். ஒரு குழந்தையை வைத்து எதையும் சொல்ல முடியாது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் மேலே ஆயிரக்கணக்கில் பெண்கள் பங்கெடுத்த ஆய்வுகளைச் சொன்னேன்.

எங்கள் ஊர் சார்பதிவாளர் அலுவலகத்தில் பெரிய முகூர்த்தங்கள் முடிந்த வாரம் நல்ல கூட்டம் இருக்கும். அனுமதி கொடுத்தால் வரும் தை மாதமே அங்கே ஒரு மேசை போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். சம்பளம் வேண்டாம். மின்விசிறிக்குக் கீழே கொஞ்சம் இடமும், மாத்திரை அட்டைகளும், பெயர் எழுத ஒரு நோட்டும் போதும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருவர்